இடப்பக்கம் நின்றவன்

ஈப்போ நகரத்தில், மத்தியான மழைக்குச் சுண்ணாம்புக் குன்றுகள் கரைந்துவிடுமோ என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றுகிற கோடியில், ஊதுபத்திச் சந்து என்று ஒரு சந்து இருந்தது. ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்ட வருஷங்களில் அந்தச் சந்தின் ஆண்கள், சுற்றுலாப் போகிறவர்களைப் போலப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு விமானம் ஏறி, போன தேசத்திலேயே ஒளிந்து, யாரோ ஒருவருடைய சமையலறையில் தட்டுக் கழுவவும் வாத்து வறுக்கவும் தொடங்கியிருந்தார்கள். அதனால் அது பெண்களின் சந்தாகவும், தொலைபேசி மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சந்தாகவும் ஆகிவிட்டது. தொலைபேசி இருந்ததோ ஒன்றே ஒன்று, ஃபூக் என்கிற கிழவருடைய கோப்பிக்கடையில், கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில்.

அந்தக் கோப்பிக்கடையின் மாடி அறையில் தவமணி குடியிருந்தாள். அவளுடைய அப்பா சுரங்கத்தில் பம்பு ஓட்டியவர். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சீனப் பள்ளிக்கூடம் என்பதால் மகளை அங்கே சேர்த்தார், பிறகு ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், பிறகு செத்துப்போனார். பகலில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்த தவமணி, மற்ற நேரங்களில் கோப்பிக்கடையின் மூலை மேசையில் உட்கார்ந்து, சந்துக்காரர்கள் கொண்டுவருகிற ஆங்கிலத்தையெல்லாம் சீனத்தில் மாற்றிக் கொடுத்தாள். மருந்துப் புட்டியில் இருக்கிற ஆங்கிலம், மின்சாரச் சோற்றுப் பானையோடு வருகிற ஆங்கிலம், அதிகாரிகள் அனுப்புகிற கோபமான ஆங்கிலம், எல்லாம் அந்த மேசைக்குத்தான் வந்தன. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை புருஷன் எல்லாரையும் ஒரே ‘அங்கிளி’ல் போட்டுக் கிளறுகிற பாஷை அது என்பதும், சீனத்தில் சொல்லும்போது ஒவ்வொருவரையும் வெளியே எடுத்துத் துடைத்து அவரவர் இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். எந்த அங்கிள் என்று தெரியாவிட்டால் அவள் கேட்டுத் தெரிந்துகொள்வாள். கேட்காமல் அவள் ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை, அந்தச் சனிக்கிழமை வரை.

அந்தச் சனிக்கிழமை மழை பெய்துகொண்டிருந்தது. கடையின் முகப்பில் வண்டி போட்டுச் சோயாப்பாலும், வெல்லப்பாகு ஊற்றிய தௌஃபூ என்கிற சோயாத் தயிரும் விற்கிற லாய் குவான், கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள். அவளுடைய புருஷன் மெங் இங்கிலாந்தில் ஒரு சீன உணவகத்தில் சமையல் செய்துகொண்டிருந்தான். முதலில் வாரத்துக்கு ஒரு முறை பேசியவன், பிறகு மாதத்துக்கு ஒரு முறை பேசினான், பிறகு பேசவில்லை. தொலைபேசி அடித்தது. எடுத்த ஃபூக் கிழவர், பாம்பைப் பிடித்தவர் போல அதைத் தூர நீட்டி, “ஆ மணி! வெள்ளைக்காரி!” என்று கத்தினார்.

தவமணி வாங்கிக் காதில் வைத்தாள். மெங் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி பேசினாள். மிசஸ் ஹார்லி என்று பேர் சொன்னாள். வயதான குரல், நடுவில் கடல் இரைச்சல்.

“மெங்கின் மனைவியிடம் சொல்ல வேண்டும். ஹி லெஃப்ட்.”

அதோடு தொடர்பு அறுந்துபோனது.

‘லெஃப்ட்’ என்றால் போய்விட்டான். எங்கே போய்விட்டான்? வீட்டை விட்டா, ஊரை விட்டா, உலகத்தையே விட்டா? கேட்பதற்கு மறுமுனையில் ஆள் இல்லை. எதிரே லாய் குவான், கரண்டியிலிருந்து பாகு சொட்டுவதுகூடத் தெரியாமல், தவமணியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பிக்கடை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சந்தில் பேசுகிற கன்டனீஸில் ‘ஜாவ்’ என்றால் போவது. அதோடு ‘ஜோ’ என்று ஒன்றைச் சேர்த்தால், நாம் ‘விட்டான்’ என்று சேர்ப்பது மாதிரி, காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்: ஜாவ் ஜோ, போய்விட்டான். செத்துப்போனவர்களையும் மரியாதைக்கு அப்படித்தான் சொல்வார்கள். தவமணி அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் லாய் குவானின் கண்களைப் பார்த்தபோது ‘ஜாவ்’ தொண்டையிலேயே நின்றுகொண்டது. அவள் அதை விழுங்கிவிட்டாள். பின்பாதி மட்டும் வெளியே வந்து விழுந்தது.

“ஜோ” என்றாள்.

‘ஜோ’ தனியாக வந்தால் அதற்கு வேறு அர்த்தம். இடப்பக்கம்.

லாய் குவான் இடப்பக்கம் திரும்பினாள். மெங் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தான், கோட்டின் தோள் வேறு ஒரு ஊரின் மழையில் நனைந்திருந்தது. ஃபூக் கிழவர் ஒரு முக்காலியை இழுத்து, துணியால் துடைத்து, லாய் குவானுக்கு இடப்பக்கம் போட்டார். “நின்னுக்கிட்டே இருக்கானே, பாவம்” என்றார். பிறகு உள்ளே போய்ப் பால் சேர்க்காத கோப்பி ஒன்று கலந்துகொண்டு வந்தார், ஏனென்றால் மெங் எப்போதும் பால் சேர்க்காமல்தான் குடிப்பான்.

அப்படித்தான் அவன் வந்து சேர்ந்தான். மறுநாளிலிருந்து சந்து அவனுக்கு ஏற்றபடி தன்னைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டது. அவன் பேசவில்லை, சாப்பிடவில்லை, கோப்பியை வைத்தால் அது அப்படியே இருந்தது. ஆனால் அவனைச் சுற்றி எப்போதும் ஒரு குளிர் நின்றதால், வெயில் கொளுத்துகிற மத்தியானங்களில் சந்துக்காரர்கள் தங்கள் முக்காலிகளை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சீட்டாடினார்கள், காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து அவனுடைய கோட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பிடித்தார்கள். எதிரே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அவன் வலப்பக்கம் அல்லவா இருக்கிறான் என்று ஒரு தகராறு கிளம்பி, இரண்டு பேர் மேசையைத் தட்டிச் சண்டை போட்டபோது, “இடது யாருடைய இடது? பொண்டாட்டியுடைய இடது. பேசாம குடிங்க” என்று ஃபூக் கிழவர் தீர்ப்புச் சொன்னார். பேருந்தில் நடத்துநர் லாய் குவானுக்கு இடப்பக்கத்து இருக்கையை யாருக்கும் கொடுப்பதில்லை. குடிநுழைவு அதிகாரி ஒருவர், வெளிநாட்டில் தங்கிவிட்டவன் திரும்பி வந்துவிட்டானாமே என்று விசாரிக்க வந்தார். மெங்கை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவன் நாட்டுக்குள் நுழையவில்லை, இவளுடைய இடப்பக்கத்தில்தான் நுழைந்திருக்கிறான், அது எங்கள் இலாகா இல்லை என்று சொல்லி, ஒரு கிண்ணம் தௌஃபூ சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. லாய் குவான் அவனைப் பார்க்கத் திரும்பினால், அவளோடு அவளுடைய இடப்பக்கமும் திரும்பியது. அவன் நகர்ந்துகொண்டே இருந்தான். எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும், கண்ணாடியை வைத்துப் பார்த்தாலும், ஒரு காதும், ஒரு தோளும், கன்னத்தின் ஓரமும்தான் அவளுக்குக் கிடைத்தன. முதல் சில நாட்கள் அவள் தன்னையே சுற்றிச் சுற்றி வந்தாள், சின்னப் பெண்ணைப் போலச் சிரித்துக்கொண்டு. பிறகு சுற்றுவதை நிறுத்திவிட்டாள். காது போதும் என்று தவமணியிடம் சொன்னாள். காது இருந்தால் பேசலாமே.

அவள் பேசினாள். விறகு விலை, தங்கச்சியின் பிரசவம், கூரையில் ஒழுகுகிற இடம் எல்லாவற்றையும் அந்தக் காதுக்குச் சொன்னாள்.

புருஷன்மார் போன மற்றப் பெண்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தலைசீவி, பௌடர் போட்டு, மூலை மேசைக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். தைவானுக்குப் போனவனின் மனைவி, ஜப்பானுக்குப் போனவனின் மனைவி, எங்கே போனான் என்றே சொல்லாமல் போனவனின் மனைவி.

“எங்களுக்கும் சொல்லு, ஆ மணி” என்றார்கள்.

“அது மந்திரம் இல்லை. தப்பாச் சொல்லிட்டேன், அவ்வளவுதான்.”

“எங்களுக்கும் தப்பாச் சொல்லு.”

மறுக்க முடியாமல் தவமணி ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்து “ஜோ” என்றாள். ஒவ்வொருத்தியும் கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் திரும்பி, கண்ணைத் திறந்து, அங்கே சுவரையும் மழைத் தண்ணீர் ஓடுகிற கால்வாயையும் பார்த்தாள். யாரும் அழவில்லை. பௌடர் போட்டது வீண் என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் சிரித்தார்கள், பிறகு எல்லாரும் தௌஃபூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்றைக்குத் தவமணியும் மாடி அறையில் கட்டிலில் உட்கார்ந்து, தனக்குத்தானே ஒரு தரம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். சொல்லிவிட்டுத் திரும்பவில்லை. ஒருவன் விட்டுப்போக வேண்டுமென்றால் முதலில் ஒருவன் வந்திருக்க வேண்டும் அல்லவா. அவளுடைய இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இருந்தன.

மழைக்காலம் போய், துரியான் பழம் வந்து போனது. லாய் குவானின் இடது கை மரத்துப்போகத் தொடங்கியது. பாகு ஊற்றும்போது நடுங்கியது, கிண்ணம் விழுந்தது. அவள் நடக்கும்போது, பாரம் சுமக்கிறவளைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். காதுக்குச் சொல்லிக்கொண்டிருந்த கதைகளும் குறைந்துவிட்டன. தங்கச்சி ஜோகூரிலிருந்து வந்து, தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டாள், புதிதாக ஓர் உணவகம் தொடங்கப்போகிறார்கள், ஆள் வேண்டும் என்றாள். “இவரை வச்சுக்கிட்டு எங்கே வர்றது?” என்று லாய் குவான் சொன்னாள். தங்கச்சி, அக்காவின் இடப்பக்கத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனாள்.

இதையெல்லாம் மூலை மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தவமணிக்கு இரவும் பகலும் ஒரே நினைப்பாக இருந்தது. இங்கே ஒருவன் முக்காலியில் உட்கார்ந்திருப்பதால், அங்கே இருக்கிறவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவன் நோயாகக் கிடந்தானோ, செத்து யாரும் கொள்ளி வைக்காமல் போனானோ. கேட்காமல் அவள் மாற்றிய ஒரே சொல் அது.

தொலைபேசி மறுபடியும் அடித்தது. மறுபடியும் ஃபூக் கிழவர் கத்தினார். லாய் குவான் அப்போது சந்தைக்குப் போயிருந்தாள்.

“அவனுடைய குடை ஒன்று மிச்சம் இருக்கிறது” என்றாள் மிசஸ் ஹார்லி. அதற்கும் ‘லெஃப்ட்’ என்றுதான் சொன்னாள். “ஒரு குடையைத் தவிர வேறெதுவும் இல்லை. வைத்திருக்கட்டுமா, எறிந்துவிடட்டுமா?”

இந்த முறை தவமணி கேட்டாள். “அவர் எங்கே போனார்? உயிரோடு இருக்கிறாரா?”

“ஐயோ, உயிரோடுதான் இருக்கிறான். வடக்கே ஏதோ ஒரு ஊருக்குப் போனான். அவனோடு தட்டுக் கழுவிய ஒரு பெண், அவளுக்கு ஒரு குழந்தை, அவர்களோடு. நல்ல பெண்தான். அன்றைக்கு அவன் என்னை ஒரு உதவி கேட்டான். என் மனைவியிடம் நீங்கள் பேசுங்கள், நான் போய்விட்டேன் என்று சொல்லுங்கள் என்றான். நான் பேசும்போது அவன் கோட்டு போட்டுக்கொண்டு வாசல்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். இன்னும் போகவில்லை. போய்விட்டான் என்று நான் சொல்லி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான். நீங்கள் ஏதாவது கேட்டிருந்தால், அவனைக் கூப்பிட்டு ரிசீவரைக் கையில் கொடுத்திருப்பேன். தொடர்பு அறுந்துவிட்டது.”

“பிறகு?”

“பிறகு போனான்.”

தவமணி ரிசீவரை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பல நாட்கள், அலுவலகத்திலிருந்து வரும்போது பின்வாசல் வழியாக ஏறினாள். தலைவலி என்றாள். ஆங்கிலக் காகிதங்கள் மூலை மேசையில் குவிந்தன. ஒரு மருந்துப் புட்டிக்கு அர்த்தம் தெரியாமல் ஒரு வீட்டில் மருந்தையே நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் லாய் குவானே மாடிக்கு ஏறி வந்தாள். படி குறுகல் என்பதால் மெங் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறினான். அவள் கட்டிலில் உட்கார்ந்து, மரத்துப்போன கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“வெள்ளைக்காரி மறுபடியும் பேசினாளாமே. ஃபூக் சொன்னார்.”

“ஆமா, குவான் ஜே.” ஜே என்றால் அக்கா.

“அவ என்ன சொன்னான்னு நான் கேட்கலை. முதல்ல அன்னைக்குச் சொன்னதைச் சொல்லு. ஜோன்னு சொன்னே. அதுக்கு முன்னால இன்னொண்ணு இருந்துச்சு. உன் தொண்டை அசைஞ்சதைப் பார்த்தேன்.”

தவமணி கேட்டாள்: “அன்னைக்கே தெரியுமா?”

“தௌஃபூ விக்கிறவ நான். எதிர்ல நிக்கிறவங்களுக்குப் பாகு அதிகமா வேணுமா குறைவா வேணுமான்னு தொண்டையைப் பார்த்தே சொல்லிடுவேன்.” அவள் சிரித்தாள். சிரிப்பு வலப்பக்கத்து உதட்டில் மட்டும் வந்தது. “நீ விழுங்கிட்டே. நானும் சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன். யார் கேட்கப்போறாங்க? முக்காலி போட்டாங்க, கோப்பி வச்சாங்க, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஆ மணி, இந்தக் காது எதையும் கேட்கலை. என் தங்கச்சி பிள்ளைக்கு என்ன பேர் வச்சாங்கன்னு நூறு தரம் சொல்லியிருப்பேன். கேட்கிற காதுக்கும் கேட்காத காதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?”

“சொன்னா போயிடுவார்.”

“சொல்லு.”

“தப்பு என்னுடையது, குவான் ஜே. நான்தான் கேட்காம...”

“சொல்லுன்னு சொன்னேன்.”

தவமணி எழுந்து நின்றாள். சீனப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு முன்னால் பாடம் ஒப்பிக்கிறவளைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஒலியையும் முழுதாகச் சொன்னாள்.

“கோய் ஜாவ் ஜோ.” அவர் போய்விட்டார்.

மெங் அசைந்தான். இடப்பக்கத்தை விட்டு ஓரடி முன்னால் வைத்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு, லாய் குவானுக்கு நேர் எதிராக நடந்து கதவை நோக்கிப் போனான். அப்போது, அவன் வந்த நாளிலிருந்து முதல் முறையாக, அவள் அவனுடைய முகத்தை முழுதாகப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. வழி தெரியாத ஊரில் நடக்கிறவனைப் போலத் தரையைப் பார்த்து நடந்தான்.

“மீசையை எடுத்துட்டான்” என்றாள் லாய் குவான்.

படியில் அவனுடைய செருப்புச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் கீழே முக்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள். ஃபூக் கிழவர் தலையை ஆட்டினார், வாடிக்கைக்காரர்கள் போகும்போது ஆட்டுகிற மாதிரி. அவன் வெயிலில் இறங்கி, பேருந்து நிற்கிற சாலைவரைக்கும் போனதைச் சந்தே பார்த்தது. யாரும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு மத்தியானம் சூடாக இருந்தது.

மாடியில் தவமணி மீதியையும் சொன்னாள். வாசலில் நின்ற முதுகு, வடக்கு ஊர், தட்டுக் கழுவிய பெண், குழந்தை, குடை. லாய் குவான் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே மரத்த கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பார்த்தாள். சூடு வலியோடு திரும்பி வந்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது. அது கைவலியால் வந்த தண்ணீரா என்று தவமணி கேட்கவில்லை.

“போனதுக்கும் இடதுக்கும் ஆங்கிலத்துல ஒரே சொல்லா?”

“ஆமா. மிச்சம் இருக்கிறதுக்கும் அதே சொல்தான்.”

“கஞ்சப் பாஷை” என்று லாய் குவான் மூக்கைச் சிந்தினாள். “குடையை எறிஞ்சிடச் சொல்லு. இல்லாட்டி அங்கே மழை நிறையப் பெய்யுதுன்னா அந்தக் கிழவியே வச்சுக்கட்டும்.”

அந்த மாதக் கடைசியில் அவள், பௌடர் போட்டது வீண் என்று சொன்ன பெண்ணுக்குத் தௌஃபூ வண்டியைக் கொடுத்துவிட்டு, ஜோகூருக்குப் பேருந்து ஏறினாள். சந்தே வழியனுப்ப வந்தது. “நீயும் வாயேன், அங்கேயும் ஆங்கிலம் இருக்கு” என்று தவமணியின் கையைப் பிடித்து இழுத்தாள். வருகிறேன், பிறகு வருகிறேன் என்றாள் தவமணி. பேருந்தில் லாய் குவான் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு தடித்த பெண் கோழிக்கூடையோடு வந்து உட்கார, இருவரும் பேருந்து புறப்படுவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

சந்து அவள் இல்லாததற்கும் பழகிக்கொண்டது. தவமணிதான் பழகவில்லை. மூலை மேசையில் குவிந்திருந்த காகிதங்களை எல்லாம் முடித்துக் கொடுத்தாள்; முடிந்ததும் அவளிடம் பேச யாருக்கும் காரியம் இல்லை.

ஒரு சாயங்காலம், ஃபூக் கிழவர் கடையை மூடப் பலகைகளை எடுத்து வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, தொலைபேசி அடித்தது. மிசஸ் ஹார்லி பேசினாள்.

“அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டீர்களா?”

“சொல்லிவிட்டேன். அவர் தங்கையிடம் போய்விட்டார். குடையை நீங்களே வைத்துக்கொள்ளச் சொன்னார்.”

“நல்லது. அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன்” என்றாள் கிழவி. ஆனால் வைக்கவில்லை. அங்கே ஏதோ தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. இங்கே தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியிருந்தது. “மேல்மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. யாரும் குடிவரவில்லை. காலையில் படியில் சத்தம் கேட்டுப் பழகிவிட்டது எனக்கு.” பிறகு கேட்டாள்: “உங்களோடு அங்கே யார் இருக்கிறார்கள், மகளே?”

தவமணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஆங்கிலத்தில் வரவில்லை. சீனத்திலும் வரவில்லை. அப்பா செத்த பிறகு அந்தச் சந்தில் அவளோடு தமிழ் பேச ஒருவரும் இல்லை. கணக்குப் போடும்போதும் கனவு காணும்போதும் தவிர அதை அவள் எடுத்ததே இல்லை.

“யாரும் இல்லைங்க” என்றாள் தமிழில். “அப்பா இருந்தாரு. பம்பு ஓட்டுவாரு. ராத்திரி பூரா அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், அது நின்னா எனக்குத் தூக்கம் கலைஞ்சிடும்...”

கிழவிக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. என்ன சொல்கிறாய் என்று அவள் கேட்கவில்லை.

“ம்” என்றாள்.

ஃபூக் கிழவர் கடைசிப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, தனக்கு ஒரு கோப்பி கலக்க உள்ளே போனார். தவமணி முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம், கடலுக்கு அந்தப் பக்கம், கிழவி உம் கொட்டிக்கொண்டிருந்தாள்.